கங்காணியும் துண்டும்

ஒரு கூட்டத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதில் சேரும் வழியை மட்டும் நோக்குதல் போதாது. அதை விட்டு நீங்கும் வழியையும் நோக்குதல் வேண்டும். சேரும் வழி அக்கூட்டம் ஊரார்க்குக் காட்டும் முகம்; நீங்கும் வழியே அதன் உள்முகம். வரவேற்கும்போது எல்லோரும் இன்முகத்தராகவே இருப்பர். விடை கேட்கும்போதுதான் அவர்கள் நம் உறவினரா, நம்மை உடையவரா என்பது புலனாகும்.

திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தல் என்றே தனியோர் அதிகாரம் வகுத்தார். கொண்டபின் விடுதற்கு அரிதாகலின் கொள்ளுமுன் ஆராய்க என்பது அதன் கருத்து. பொன்னேபோற் போற்றத்தக்க அறிவுரைதான். ஆனால் ஆராய்வதற்குப் பொழுது வேண்டும். ஆராய்ந்தபின் வேண்டாமென ஒதுக்குவதற்கு வேறொரு வழி வேண்டும். இரண்டும் இல்லாதவன் எதை ஆராய்வான்? வாயில் திறந்திருக்கக் கண்டால் நுழைவான். பின்னர் அவ்வாயில் உட்புறமாகத் திறவாது என அறியும்போது காலம் கடந்திருக்கும்.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அவர்களை அங்கே பிணித்து வைத்தது இரும்பு விலங்கன்று, மதிற்சுவரும் அன்று. உறவு என்னும் நூலும், கடன் என்னும் நூலும், துண்டு எனப்பட்ட ஒரு காகிதமுமே அவர்களைக் கட்டின. அக்கட்டு எவ்வாறு இடப்பட்டது, எவ்வாறு அவிழ்ந்தது என்பதைக் காண்போம்.

கண்காணி கங்காணியானது

கங்காணி என்பது கண்காணி என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் திரிபு. கண்ணால் காணுதல், மேற்பார்த்தல் என்பது அதன் பொருள். கோயிற் காரியங்களை மேற்பார்த்தோரைக் கண்காணி எனச் சுட்டும் வழக்கம் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. அச்சொல் கடல் கடந்தபோது அதன் ஒலி சிறிதே திரிந்தது; பொருளோ பெரிதும் திரிந்தது.

கண்டியைச் சார்ந்த மலைப்பகுதிகளில் 1820-களில் தொடங்கிய காப்பிப் பயிர், 1830-களுக்குப்பின் விரைந்து பரவியது. சிங்களக் குடியானவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே வெள்ளையரான தோட்டத் துரைமார் தமிழகத்தை நோக்கினர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

அந்நெடுவழியில் தனியே செல்வது சாவைத் தேடிச் செல்வதாகும். எனவே வழி அறிந்த ஒருவன் முன்னே நடக்க, அவன் ஊராரும் உறவினரும் பின்தொடர்ந்தனர். அவனே கங்காணி. தொடக்கத்தில் அவனும் அவர்களுள் ஒருவன். அவர்களோடு நடந்தவன், அவர்களோடு உழைத்தவன். அந்நாளில் அக்கூட்டம் ஒரு காப்பாகவே அமைந்தது என்பதை மறத்தலாகாது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வருவதும் எளிது, கையில் நாலு காசும் காலில் வலுவும் இருந்தால் போவதும் இயலும் என்ற நிலை அது.

1869-இல் காப்பி இலையில் ஒருவகைப் பூஞ்சணநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தொழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867-இல் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு உழவியல் சார்ந்தது மட்டுமன்று. தொழிலாளர் வாழ்வையே அது மாற்றியது. காப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தாக வேண்டும். வந்து போகும் கூட்டம் துரைமார்க்கு இனிப் பயன்படாது. வந்து தங்கும் கூட்டமே தேவைப்பட்டது. நீங்கும் வாயில் அடைபடத் தொடங்கிய இடம் இதுவேயாகும்.

சேரும் வாயில்

கங்காணி ஆள் கட்ட ஊருக்கு வரும் காட்சியை எண்ணிப் பார்ப்போம். அவன் அயலான் அல்லன். மாமன், மைத்துனன், பங்காளி என உறவு சொல்லி அழைக்கத்தக்கவன். உடம்பில் கோட்டும், காதில் கடுக்கனும், மடியில் பணமும் உடையவன். இத்தகையவன் வந்து, ‘புறப்படு’ என்று அழைத்தால் ஐயுறுவார் யார்?

மேலும், ஊரில் இருந்த நிலையையும் நாம் நோக்க வேண்டும். மிராசுதாரிடம் பரம்பரைக் கடனால் பிணிப்புண்ட பண்ணையாள், தன் கடனைக் கங்காணி அடைத்துத் தன்னை மீட்பான் என்றால் அதனை விடுதலையாகவே கருதினான். சாதிக் கொடுமையால் நொந்தவனுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு புதுநிலம் தென்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் போன்ற காலங்களில், நாளொன்றுக்கு ஒருவேளைச் சோறு என்பதே போதிய அழைப்பாயிற்று. ஒரு பிணிப்பிலிருந்து தப்ப எண்ணியவரே மறு பிணிப்பிற்குள் புகுந்தனர் என்பது இவ்வரலாற்றின் முதற் சோகமாகும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேருதல் இன்னும் எளிதாக்கப்பட்டது. துரைமார் 1904-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவினர். தகர வில்லை ஒன்று வழக்கிற்கு வந்தது. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வில்லையைக் காட்டினால் போதும்; கையில் காசின்றியே தோட்டம் வரை போய்ச் சேரலாம். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் அமைந்தபின் வழி நடையின் இன்னலும் நீங்கியது. மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகச் சில நாள் தங்கல், பிறகு கப்பல், பிறகு இரயில். வழியெங்கும் எவரும் பணம் கேட்கவில்லை. எல்லாச் செலவும் எங்கோ ஒரு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது என்பதைப் பயணியே அறியான்.

குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. மொரீசியசுக்கும் நேத்தாலுக்கும் பிஜித் தீவுக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துச் சென்றனர். இலங்கை சென்றோர்க்கு அத்தகைய நெடுங்கால ஒப்பந்தம் இல்லை. மாத அளவிலான ஏற்பாடே சட்டத்தின் கண்ணில் இருந்தது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் எவரும் நீங்கலாம் என்றது ஏடு. ‘எம்மிடம் இருப்போர் சுதந்திரத் தொழிலாளர்’ எனத் துரைமார் கூறிக்கொண்டமைக்கு இதுவே ஆதாரம். ஏட்டில் இருந்த அவ்வுரிமையைக் கணக்குப் புத்தகம் விழுங்கியது.

கணக்கு என்னும் வேலி

துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்தார். கங்காணி அதிலிருந்து ஊர்க்கடனை அடைத்தான், வழிச்செலவு செய்தான், ஒரு பகுதியைத் தானே வைத்துக்கொண்டதும் உண்டு. தோட்டத்து லயத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. பிறகு கம்பளிக்கு ஒரு பற்று, அரிசிக்கு மாதந்தோறும் ஒரு பிடித்தம், திருமணத்திற்கும் சாவிற்கும் ஒவ்வொரு கைமாற்று எனக் கடன் வளர்ந்தது. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு என்பது தெரியாது. கங்காணி சொன்னதே தொகை.

கங்காணியரிலும் படிநிலை உண்டு. பெரிய கங்காணியின்கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் பலர். ஒவ்வொருவரின்கீழும் ஒரு சிறு கூட்டம். தப்பொலி கேட்டு விடியற்காலையில் பிரட்டுக் களத்திற்கு எத்தனை தலை வந்து நிற்கின்றனவோ, அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஒருவர் நோயுற்றுக் கிடந்தாலும் ஊருக்குப் போனாலும் இழப்பு கங்காணிக்கே. உறவினனாக வந்தவன், உறவினர் எண்ணிக்கையால் வாழ்பவனாக மாறினான்.

இவ்வமைப்பின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. கடன் தனியாள் கடனாக நில்லாமல் கூட்டத்தின் கடனாகத் திரண்டது. துரைக்குக் கங்காணி மொத்தமாகப் பட்ட கடனை, கூட்டத்தார் தலைகளின்மீது பங்கிட்டான். ஒருவர் இறந்தாலும் ஓடிப்போனாலும் அவர் பங்கு எஞ்சியோர் கணக்கில் ஏறுவது உண்டு. ஓடிப்போகிறவன் துரையை ஏய்க்கவில்லை; தன் அண்ணன் தலையில் சுமையை ஏற்றிவிட்டுப் போகிறான். எந்த உறவு அவனை உள்ளே அழைத்து வந்ததோ, அதே உறவு அவன் காலைப் பற்றிக்கொண்டது. மதில் எழுப்பிக் காவல் வைப்பதைக் காட்டிலும் இது வலிய காவல் அன்றோ?

துண்டு

இனித் துண்டுக்கு வருவோம். ஒரு தோட்டத்தை விட்டுக் கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். ‘இக்கங்காணியும் இத்தனை ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு ரூபாய், அதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிப்போம்’ என்பது அச்சீட்டின் சாரம். அதுவே துண்டு எனப்பட்டது. ஆள் தேவைப்படும் புதிய துரை, துண்டில் கண்ட தொகையைப் பழைய துரைக்குச் செலுத்துவார். கூட்டம் இடம் மாறும். கடன் மட்டும் மாறாமல் கூடவே செல்லும்.

மாறாமல் என்றது தவறு. கடன் வளர்ந்தே செல்லும். தேயிலைத் தோட்டங்கள் பெருகப் பெருக ஆட்களுக்குப் போட்டி மிகுந்தது. பெரிய கங்காணி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘துண்டுப் பணத்திற்கு மேல் எனக்கு இவ்வளவு முன்பணம் தருவோரிடமே என் ஆட்கள் வருவர்’ எனப் பேரம் பேசினான். அம்மேற்பணமும் ஆட்களின் தலையிலேயே விழுந்தது. ஓரிடத்தில் உழைத்துக் கடனைக் குறைத்துவிட்டோம் என நம்பியிருந்தவர், மற்றோரிடத்தில் அதனினும் பெரிய கடனோடு விழித்தெழுந்தனர்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். துண்டு இருந்ததால் கூட்டம் தோட்டத்தை விட்டு நீங்க முடிந்தது. ஆனால் ஆள் கூட்டத்தை விட்டு நீங்க முடியவில்லை. தனியொருவன் துண்டின்றிப் போய் நின்றால் எத்தோட்டமும் அவனை ஏற்காது. ஏற்றால் பிறர் ஆளைக் கவர்ந்த பழி அத்தோட்டத்தைச் சேரும். மாடு விற்பவன் கயிற்றோடு விற்பது போல, ஆள்கள் கடனோடு கைமாறினர். விற்பனை என்ற சொல் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

கடனுக்குத் துணையாகச் சட்டமும் நின்றது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டகல்வது உரிமைவழக்காகாமல் குற்றமாகவே கருதப்பட்டது. சிறைத் தண்டனைக்கும் இடம் இருந்தது. முன்னறிவிப்புக் கொடுக்கலாமே எனின், கடனை வைத்துக்கொண்டு யார் கொடுப்பது? கொடுத்தால் யார் ஏற்பது? கதவின் ஒருபுறம் கடன், மறுபுறம் சிறை என்பதே நிலை.

அஸ்ஸாமில் நிகழ்ந்தது

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய கொடுமையன்று. நம் நாட்டின் வடகிழக்கில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வரலாறு வேறு சொற்களால் எழுதப்பட்டது. அங்குக் கங்காணியின் இடத்தில் சர்தார். ஊர் ஊராக ஆள் பிடித்தோர்க்கு ஆர்க்காட்டி என்று பெயர். சோட்டா நாகபுரியிலிருந்தும் பிற வறண்ட பகுதிகளிலிருந்தும் பழங்குடியினரும் ஏழைகளும் அழைத்துச் செல்லப்பட்டனர். கடல் கடந்து போனோர் வாயில் ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் ‘கிர்மிட்’ எனத் திரிந்தது போலவே, அஸ்ஸாம் சென்றோரும் அச்சொல்லின் வடுவைத் தாங்கினர்.

முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டால் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் வழி செய்தது. அஸ்ஸாமில் இதற்கும் மேலாக, ஓடிப்போன ஆளை நீதிமன்ற ஆணையின்றித் தாமே பிடித்துக்கொள்ளும் அதிகாரம் தோட்ட முதலாளிகளுக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1908-இல்தான் அவ்வதிகாரம் நீக்கப்பட்டது. இலங்கையில் கடன் பெரும்பங்கும் சட்டம் சிறுபங்கும் செய்த வேலையை, அஸ்ஸாமில் சட்டம் வெளிப்படையாகவே செய்தது.

1921-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுர்மா பள்ளத்தாக்கின் சர்கோலாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர், கூலி உயர்வு மறுக்கப்பட்ட நிலையில், காந்தியடிகளின் பெயரை முழங்கிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு வெளியேறினர். ஊர் திரும்புவதொன்றே அவர்கள் வேண்டியது. ஆற்றுத்துறையாகிய சாந்த்பூரில் அவர்கள் தடுக்கப்பட்டனர். மே 20-ஆம் நாள் இரவு, இரயில் நிலையத்தில் தங்கியிருந்தோர்மீது கூர்க்காப் படையினர் ஏவப்பட்டனர். அடுத்து வாந்திபேதி பரவிப் பலர் உயிர் நீத்தனர். அவர்கள்பொருட்டு இரயில் தொழிலாளரும் நீராவிக் கப்பல் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். எதையும் கைப்பற்ற வராமல், ‘போகிறோம்’ என்று மட்டும் சொன்ன மக்களின்மீது படை ஏவப்பட்டது என்பதை வரலாறு மறக்கலாகாது. போதல் என்னும் சிறுசெயல் அம்முதலாளிகளுக்கு எத்துணைப் பெரிய அச்சத்தை விளைத்தது என்பதற்கு அஃதொன்றே சான்று.

கட்டு அவிழ்ந்த ஆண்டு

அதே 1921-ஆம் ஆண்டில் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டதற்காகத் தோட்டத் தொழிலாளியைச் சிறையிடும் விதிகளும் அகற்றப்பட்டன. இது தானே கனிந்த கனியன்று. பொன்னம்பலம் அருணாசலம், பெரி சுந்தரம் ஆகியோர் 1919-இல் தொழிலாளர் நல அமைப்பொன்று நிறுவித் தண்டனை விதிகளுக்கு எதிராக முயன்றனர். இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளர் நிலையை ஆராயச் சென்னை அரசு அனுப்பிய மார்ஜரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரின் அறிக்கை 1917-இல் வெளிவந்தது. இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியால் ஒப்பந்தக் கூலி முறையே முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. துரைமார்க்குள்ளும் துண்டால் ஏறிய கடன் சுமை கண்டு வெறுத்தோர் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழையின் கண்ணீரோடு செல்வரின் கணக்கும் சேர்ந்தபோதுதான் சட்டம் அசைந்தது.

1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்பின் வந்த விதிகளும், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் ஏற்றக்கூடாது எனத் தடுத்தன. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து தொழிலாளர் நலம் கவனித்தார். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாகச் சென்று, கங்காணியின் பிடியையும் துரையின் பிடியையும் ஒருசேர எதிர்த்தார். 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாகவே இசைத்துப் பரப்பினார். சிறைச்சாலையாகிவிட்ட ஒரு கூட்டத்திலிருந்து வெளிவரத் தொழிலாளர்க்கு மற்றொரு கூட்டமே, அஃதாவது தாமே விரும்பிச் சந்தா செலுத்திச் சேர்ந்த சங்கமே, துணையாயிற்று என்பது சிந்தித்தற்குரியது.

அஸ்ஸாமிலும் 1932-இல் இயற்றப்பட்ட சட்டம், மூன்றாண்டு உழைத்த தொழிலாளி முதலாளியின் செலவில் ஊர் திரும்ப உரிமை வழங்கியது. பிறந்த ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை விளக்க வேறு சொல் வேண்டுவதில்லை.

வாயில் திறந்தபின்

துண்டு ஒழிந்ததும் எல்லோரும் நீங்கிவிட்டனரோ எனின், இல்லை. இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்துவிட்டன. ஊரில் நிலமில்லை, வீடில்லை, பெயர் சொல்லி அழைப்பாரும் குறைந்தனர். முன்னர்ப் போக விடாமல் தடுத்தது கடன். இப்போது போக இடமின்மையே தடை. மேலும் அம்மலை அவர்தம் மலையும் ஆகிவிட்டது. காட்டைத் திருத்தியவர் அவர். மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தவர் அவர். தம் முன்னோரைப் புதைத்ததும் அம்மண்ணிலேதான்.

வரலாற்றின் இரண்டாம் சோகம் இங்கே நிகழ்ந்தது. போக விரும்பியபோது விடாதவர்கள், இருக்க விரும்பியபோது போகச் சொன்னார்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால்பகதூர் சாஸ்திரி ஆகியோர் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. முன்னொரு காலத்தில் கங்காணி தலைகளை எண்ணித் துண்டில் எழுதினான். இப்போது அரசுகள் எண்ணி உடன்பாட்டில் எழுதின. இரண்டு ஏட்டிலும் அம்மக்களின் விருப்பத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறிதே. தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் வந்தோருள் பலர், தாம் அதுவரை கண்டிராத தாயகத்திற்கே வந்தனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை முழுமையாக வாய்க்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதனால் பெறப்படுவது யாது? நீங்கும் உரிமையும் தங்கும் உரிமையும் வேறு வேறல்ல. ஒரே உரிமையின் இரு புறங்கள். போக விடாமல் பிடித்து வைப்பதும் இருக்க விடாமல் துரத்துவதும், ஒருவன் தன் காலைத் தானே எடுத்து வைக்கும் உரிமையைப் பறிப்பதே ஆகும்.

இந்தியாவிலும் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணப் பிணிப்பைக் குற்றமாக்கியது. எனினும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு சென்று, கணக்குத் தெரியாமல் கிடப்போரை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அதன்பின்னும் வந்துகொண்டுதான் உள்ளன. துண்டு என்ற பெயர் போயிற்று. துண்டின் குணம் முற்றும் போகவில்லை.

ஆகவே கூட்டம் எதுவாயினும், தொழிற்கூட்டமோ, ஊர்க்கூட்டமோ, நாம் விரும்பிக் கூடும் சங்கமோ, அதனை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. உள்ளே வருவோர்க்கு என்ன தருகிறோம் என்பது அவ்வளவுகோல் அன்று. வெளியே செல்ல விரும்புவோரிடம் என்ன கேட்கிறோம் என்பதே. பழைய கடனைக் காட்டாமல், உறவைப் பணயம் வைக்காமல், ‘சென்று வருக’ என்று வாயில்வரை வந்து விடைகொடுக்கும் கூட்டமே மானமுடையோர் கூடும் கூட்டமாகும். அத்தகைய வாயில் தமக்கு வாய்க்காமலே மலைச்சரிவுகளில் மண்ணாகிப் போன நம் முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் ஒன்று உண்டெனின், நாம் கூடும் இடங்களிலெல்லாம் அவ்வாயிலைத் திறந்து வைத்தலே அது.